உயிரோடு இருக்கும் பிள்ளைகளின் எண்ணிக்கை

என் மகள் கம்ப்யூட்டரில் அட்டவணை போடுவாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, காகிதத்தைப் பார்த்து எண்களை வாசிப்பேன். மூன்று நாலு வருஷமாக எங்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமை இப்படித்தான் போனது. அஞ்சாம் வகுப்புக்கு மேல் நான் பள்ளிக்கூடம் போகவில்லை. இங்கிலீஷ் எழுத்து ஒன்றுகூடப் படிக்க வராது. ஆனால் எண் படிக்க வரும். சைபர், புள்ளி, இரண்டு, நாலு, ஏழு. முன்னால் சின்னக் கோடு இருந்தால் மைனஸ் என்று சொல்ல வேண்டும். பக்கத்தில் ஸ்டார் இருந்தால் எத்தனை ஸ்டார் என்று சொல்ல வேண்டும். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அவள் நைனா போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிறது. எனக்கு யாரோடும் அதிகம் பேச வராது. எண்களை வாசிப்பது எனக்குப் பிடித்திருந்தது. அதற்கு நாமாக எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

மகள் ஒரு காலேஜில் கௌரவ விரிவுரையாளர். கௌரவம் எல்லாம் பேரில்தான். வருஷா வருஷம் புது ஆர்டர் வந்தால்தான் வேலை உண்டு. காலையில் செஞ்சி பஸ் ஸ்டாண்டில் ஏறினால் வீட்டுக்கு வரப் பொழுது சாய்ந்துவிடும். நாற்பதைத் தொடப் போகிறாள். கல்யாணம் ஆகவில்லை. அதைப் பற்றி இங்கே எழுத ஒன்றும் இல்லை.

டாக்டர் பட்டத்துக்கு அவள் எடுத்துக்கொண்டது பொம்பளைகளின் கூலி வேலை. ஒருத்தி மாசத்தில் எத்தனை நாள் வேலைக்குப் போகிறாள், எது அவளைப் போக வைக்கிறது, எது தடுக்கிறது என்று கண்டுபிடிப்பது. அதிலிருந்து ஒரு கட்டுரை நல்ல பத்திரிகையில் வர வேண்டும். வந்தால் நிரந்தர வேலைக்கான இன்டர்வியூவில் மார்க் கிடைக்கும். வராவிட்டால் மறுபடி ஒரு வருஷ ஆர்டர், அதுவும் வந்தால். அந்தக் கட்டுரையில்தான் அவள் உயிரை வைத்திருந்தாள்.

சாப்ட்வேர் முதலில் கொட்டுகிற காகிதத்தைப் பார்த்தால் தலை சுற்றும். ஒவ்வொரு எண்ணுக்கும் புள்ளிக்குப் பின்னால் ஏழெட்டு எண் வால் மாதிரி நீளும். அதைப் பத்திரிகை கேட்கிற மாதிரி ஆக்க வேண்டும். புள்ளிக்குப் பின் மூன்று எண் போதும். அதற்குக் கீழே பிராக்கெட்டில் இன்னொரு எண். புள்ளிகள் எல்லாம் ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக நேராக நிற்க வேண்டும். தலைப்புக்கு மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு, கடைசியில் ஒரு கோடு. நெட்டுக்கோடு ஒன்றுகூட இருக்கக் கூடாதாம். அடியில் பொடி எழுத்தில் ஸ்டாருக்கு விளக்கம்.

ஆரம்பத்தில் அவள் எல்லாவற்றையும் கையால் டைப் அடித்தாள். ஒருமுறை இரண்டு எண் இடம் மாறிவிட்டது. அவளுக்கு வழிகாட்டும் பேராசிரியர், அவரைக் கைடு என்பார்கள், நாலு பேர் முன்னால் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்து, "இது ஆராய்ச்சியா, லாட்டரியா?" என்று கேட்டுவிட்டார். அன்று அவள் சாப்பிடவில்லை. மறுநாள்தான், "நீ வாசிம்மா, நான் சரிபாக்கறேன்" என்று என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தாள். பிறகு வீடியோ பார்த்து, அட்டவணையைச் சாப்ட்வேரே எழுதித் தருகிற வழியைக் கற்றுக்கொண்டாள். அப்போதும் என்னை விடவில்லை.

"இந்த ஸ்டார் இன்னாத்துக்குடி?" என்று ஒருநாள் கேட்டேன்.

"இந்த நம்பர் ஏதோ சும்மா வந்து வுழல, நெஜமாவே இருக்குதுன்னு அர்த்தம். மூணு ஸ்டார்னா நல்லா நம்பலாம்."

"பிராக்கெட்டுக்குள்ள இருக்கறது?"

"நம்ம நம்பரு எவ்ளோ முன்ன பின்ன இருக்கலாம்னு."

"நம்ம தப்ப நாமளே எழுதிக் குடுக்கணுமா?"

"குடுத்தாதாம்மா நம்புவாங்க."

இதை எழுதும்போதுதான் நினைத்துப் பார்க்கிறேன். அன்று அதைக் கேட்டு நான் சிரித்தேன்.

நான் செய்த தப்பு அதற்கும் இரண்டு வருஷம் முன்னால் நடந்தது. சிங்கவரம், தொண்டூர், தளவானூர் என்று ஊர் ஊராகப் போய்க் கேள்வித்தாளை நிரப்பி வந்த காலம். தனியாகப் போக வேண்டாம் என்று நானும் கூடப் போனேன். தண்ணீர் பாட்டிலும் குடையும் என் கையில். நூறு நாள் வேலை நடக்கிற ஏரிக்கரை, மல்லாட்டை என்கிற வேர்க்கடலை பிடுங்குகிற கொல்லை, கம்பெனி வேன் நிற்கிற முனை, எங்கே பொம்பளைகள் நாலு பேர் இருந்தாலும் போவோம்.

"இன்னா பாப்பா, இவ்ளோ கேக்கறியே, கவர்மெண்டு எதுனா குடுக்குமா?"

"ஒண்ணும் குடுக்காதுக்கா. நான் படிக்கறதுக்கு."

"இன்னுமா படிக்கற? எம் பேத்தி படிச்சி முடிச்சிட்டு வேலைக்கே போவுது."

"சும்மா இருடி. அவங்கம்மா பக்கத்துலயே உக்காந்துனு இருக்குது பாரு."

எல்லோரும் சிரிப்பார்கள். மகளும் சிரிப்பாள். நான் குடையைப் பார்த்துக்கொண்டு இருப்பேன்.

முதலில் அவளே கேட்டு அவளே எழுதினாள். எழுதுவதற்குத் தலை குனிந்தால் பேச்சு நின்றுவிடும். அந்தப் பொம்பளை எழுந்து வேலையைப் பார்க்கப் போய்விடுவாள். தாள் பாதியில் நிற்கும். அதனால் முதல் பக்கத்தை என்னிடம் கொடுத்தாள். "நான் கேக்கறேன், நீ எழுதும்மா. கட்டத்துல எண்ணுதானே" என்றாள். தாள் இங்கிலீஷில் இருந்தது. எத்தனையாவது கட்டம் என்பதை வைத்து நான் தெரிந்துகொள்வேன். வயசு, படித்த வருஷம், நிலம், இப்படி. ஏழாவது கட்டம் பிள்ளைகள். இரண்டாம் பக்கம் பிள்ளைகளின் வயசு, எந்த வகுப்பு என்கிற பட்டியல். அதை ஆற அமர அவளே எழுதிக்கொள்வாள்.

"எத்தினி பசங்கக்கா?" என்று கேட்பாள்.

எங்கள் பக்கத்தில் வயசான பொம்பளைகள் இதற்கு ஒரே எண்ணில் பதில் சொல்ல மாட்டார்கள். தளவானூரில் ஒருத்தி கொல்லையில் உட்கார்ந்து கொடியிலிருந்து காய் ஆய்ந்துகொண்டிருந்தாள். கை நிற்காமலே சொன்னாள்: "பெத்தது அஞ்சு. தங்கனது மூணு."

கட்டம் ஒன்றுதான் இருந்தது. நான் அஞ்சு என்று எழுதினேன்.

யோசித்துச் செய்தது இல்லை. எனக்கும் மகளுக்கு முன்னால் ஒரு பையன் பிறந்து பதினோரு மாசம் இருந்து போனான். ரேஷன் கார்டு எழுத வந்தவர் எத்தனை என்று கேட்டபோது, அவள் நைனா ஒன்று என்று சொல்லிவிட்டு என்னைத் திரும்பிப் பார்க்காமல் நின்றார். அது ஒரு காரணமாக இருக்கலாம். தளவானூர்க்காரி கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு தாளை எட்டிப் பார்த்தாள். "அஞ்சு போட்டியாக்கா?" என்றாள். "போட்டேன்" என்றேன். சரி என்று மறுபடி ஆயத் தொடங்கினாள். அதற்குப் பிறகு யார் எப்படிச் சொன்னாலும் நான் பெற்ற கணக்கைத்தான் எழுதினேன். சில பேர் மகளிடம் தங்கியதை மட்டும் சொல்லிவிட்டு, அவள் பக்கத்து ஆளிடம் போன பிறகு, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி மற்றதைச் சொல்வார்கள். அதையும் சேர்த்தேன். இப்படி எழுதுகிறேன் என்று மகளிடம் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவளும் கேட்கவில்லை.

தாள்கள் எல்லாம் கம்ப்யூட்டருக்குள் போய், அட்டவணை வந்தது. பிள்ளைகள் வரிசையில் ஒன்று புள்ளி மூன்று எட்டு ஆறு. மூன்று ஸ்டார். முன்னால் மைனஸ் இல்லை. அதாவது பிள்ளை அதிகம் இருக்கிறவள் அதிக நாள் வேலைக்குப் போகிறாள். இதுவரை எழுதியவர்கள் எல்லோரும் பிள்ளை கூடினால் வேலை நாள் குறையும் என்றுதான் எழுதியிருந்தார்களாம். கைடு அந்த வரியைப் பிடித்துக்கொண்டார். இதை வைத்தே கட்டுரையைத் திருப்பி எழுது, தலைப்பையும் மாற்று என்றார்.

"அவர் 'குட்'டுனு மெசேஜ் போட்டிருக்காரும்மா. ஆறு வருஷத்துல இதான் மொதல் குட்டு." போனை என் முகத்துக்கு நேரே நீட்டிக் காட்டினாள். எனக்கு அந்த எழுத்துத் தெரியாது. இருந்தாலும் பார்த்தேன்.

அந்த வாரம் அவள் நன்றாகச் சாப்பிட்டாள்.

பிறகு கடைசி வேலை. சாப்ட்வேருக்குள் ஒவ்வொரு வரிசைக்கும் சுருக்கப் பேர் வைத்திருப்பாள். பத்திரிகைக்கு அது ஆகாது. படிக்கிறவர் யாராக இருந்தாலும் புரிகிற மாதிரி முழுப் பேர் எழுத வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அதைச் செய்தாள். இங்கிலீஷில் அடித்துக்கொண்டே, எனக்குத் தெரிய வேண்டும் என்று தமிழில் சொல்லிக்கொண்டு வந்தாள். "வயசு. படிச்ச வருஷம். சொந்த நெலம், ஏக்கர்ல. உயிரோட இருக்கற பிள்ளைங்க எண்ணிக்கை."

"இன்னாது?"

"உயிரோட இருக்கற பிள்ளைங்க. ஏம்மா?"

"ஒண்ணுமில்ல."

"வாசி."

நான் வாசித்தேன். ஒன்று புள்ளி மூன்று எட்டு ஆறு. மூன்று ஸ்டார். கீழே பிராக்கெட்டில் சைபர் புள்ளி நாலு சைபர் இரண்டு. "சரி" என்று அடுத்த வரிசைக்குப் போனாள். நானும் போனேன்.

ஆறு நாள் நான் வாயைத் திறக்கவில்லை. பாறை சூழ்ந்த ஊர் எங்களுடையது. சித்திரை வைகாசியில் பொழுது போனாலும் சூடு போகாது. தூக்கம் இல்லாததற்கு வெயிலைக் காரணம் சொல்லிக்கொண்டேன். சில சமயம், ஒரு கட்டம்தானே, அதனால் என்ன ஆகிவிடும் என்று நினைப்பேன். சில சமயம், இப்போது சொன்னால் அவள் என்ன ஆவாள் என்று நினைப்பேன். குழம்பு இரண்டு தடவை தீய்ந்தது. "இன்னாம்மா, ஒடம்பு சரியில்லியா?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

சனிக்கிழமை கட்டுரையைப் பிரிண்ட் எடுக்கக் கடைவீதிக்குப் போனோம். திங்கட்கிழமை பத்திரிகைக்கு அனுப்புவதாக இருந்தது. பிரிண்ட் கடைக்காரருக்கு அவளைப் பல வருஷமாகத் தெரியும். அட்டவணைப் பக்கத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"இன்னாக்கா, டேபிள்ல நெட்டுக்கோடே காணும்? அப்புறம் என் பிரிண்டர் மேல பழி போடாதே."

"அப்படித்தான் வேணும்ணா. அதான் ஸ்டைலு."

"கோடு போட்டாதான் டேபிளு. கோடு இல்லாட்டி அது மளிகை லிஸ்டு."

அவள் அவ்வளவு சத்தமாகச் சிரித்து நான் பார்த்து நாளாகிவிட்டது. தாள்களைக் கவரில் போட்டு மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தாள். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் வரும்போது நான் சொல்லிவிட்டேன். என் குரலே அடங்கின குரல். திருவண்ணாமலை பஸ் ஒன்று ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு திரும்பியது.

"இன்னாம்மா?"

மறுபடி சொன்னேன்.

"ஒண்ணும் கேக்கல. சத்தமா சொல்லு."

ஒரு விஷயத்தை ஒருமுறை சொல்லவே எனக்கு ஆறு நாள் ஆனது. மூன்றாம் முறை கத்த வேண்டியிருந்தது. "செத்துப்போன பிள்ளைங்களையும் சேத்து எழுதிட்டேன்டி. ஏழாவது கட்டத்துல. நான் எழுதின எல்லாத் தாள்லயும்."

அதற்குள் பஸ் போய்விட்டிருந்தது. பூக்கட்டிக்கொண்டிருந்த பொம்பளை நிமிர்ந்து பார்த்தாள். மகள் கவரை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாள். "வா, வெயிலா இருக்குது" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் பரணிலிருந்து தாள் கட்டுகளை இறக்கினாள். இருநூற்றுக்கும் மேல். இரண்டாம் பக்கத்தில் அவள் எழுதிய பிள்ளைகளின் பட்டியலை எண்ணினால் உயிரோடு இருக்கிறவர்கள் கணக்கு வந்துவிடும். முதல் பக்கத்தில் நான் எழுதியது வேறாக இருந்தால் அந்தத் தாளைத் தனியாக வைக்க வேண்டும். நான் எண்ணிச் சொன்னேன், அவள் திருத்தினாள். மூன்று நாள் ஆனது. காலேஜுக்கு லீவு போட்டாள். தனியாக வைத்த தாள்கள் நான் நினைத்ததைவிட உயரமாக வந்தன. சில தாளில் ஒன்று குறைந்தது, சில தாளில் இரண்டு. ஒரு தாளில் நாலு. அது யார் என்று எனக்கு நினைவிருந்தது. எங்கள் வீட்டுக்குத் தாள் கிடையாது.

நடுவில் ஒருமுறை அவளே பேசினாள்.

"அவங்க பெத்தது அஞ்சு, தங்கனது மூணுன்னு சொன்னது என் காதுலயும் வுழுந்துச்சும்மா. நீ மூணுதான் போட்டிருப்பேன்னு நெனச்சிட்டேன்."

"கேட்டிருக்கலாமில்ல."

"நீ சொல்லியிருக்கலாமில்ல."

அடுத்த தாளை எடுத்தேன்.

திருத்தி முடித்ததும் ஒரு பட்டனைத் தட்டினாள். அட்டவணை உடனே வந்துவிட்டது. அதே மூன்று கோடு, அதே நேரான புள்ளிகள், எல்லா வரிசைக்கும் முழுப் பேர். பார்ப்பதற்கு முன்னைப் போலவே அழகாக இருந்தது. பிள்ளைகள் வரிசையில் சைபர் புள்ளி ஒன்று இரண்டு ஒன்று. பிராக்கெட்டில் அதைவிடப் பெரிய எண். ஸ்டார் இல்லை. பிள்ளைகளால் கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை. ஒன்றும் சொல்ல முடியாது என்று அர்த்தமாம்.

அவள் அதோடு விடவில்லை. பிறகு புதிதாக ஒரு வரிசை சேர்த்தாள். முதல் பக்கத்தில் நான் எழுதியதிலிருந்து இரண்டாம் பக்கத்தில் அவள் எழுதியதைக் கழித்த மிச்சம். மறுபடி தட்டினாள். அந்த வரிசையில் மூன்று ஸ்டார் வந்தது.

"இன்னா அர்த்தம்?" என்று கேட்டேன்.

"பிள்ளைய பறிகுடுத்தவங்கதான் அதிக நாள் வேலைக்குப் போறாங்க."

ஏன் என்று நான் கேட்கவில்லை. வீட்டில் இருந்து என்ன செய்வது. எனக்கும் அந்த வருஷம் முழுக்கக் கொல்லை வேலைதான். விடியற்காலையில் போனால் இருட்டித்தான் வருவேன். ஆனால் அவள் சொன்ன காரணம் வேறு. இல்லாத வீட்டில்தான் சாவும் அதிகம், கூலியும் அதிகம் என்றாள். இரண்டும் இருக்கலாம்.

கைடுக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் வைத்தாள். அவர் கோபப்படுவார் என்று நான் சமையல்கட்டுக்குள் போய் நின்றுகொண்டேன். அவர் கோபப்படவில்லை. குரல் களைத்துப் போயிருந்தது.

"சரியானதைத்தான்மா அனுப்பணும். அதுல பேச்சு இல்ல. ஆனா ஸ்டார் போனதுக்கப்புறம் இந்தக் கட்டுரையில சொல்றதுக்கு என்னம்மா இருக்கு?"

"புது வரிசைல இருக்குது சார்."

"அந்தக் கேள்வியை நீங்க கேக்கலையே. சிலர் தானா சொல்லியிருக்காங்க. சொல்லாம விட்டவங்க எத்தனை பேர்? உங்களுக்குத் தெரியுமா? கேக்காத கேள்விக்கு டேபிள்ல இடம் குடுக்க முடியாதும்மா."

"மறுபடி போய்க் கேட்டுட்டு வரட்டுமா சார்?"

"எப்போ? இன்டர்வியூவுக்கு முன்னாடியா?"

அவள் போனை வைத்துவிட்டு அந்தப் புது வரிசையை அழித்தாள். அழித்த இடம் தெரியாமல் மற்ற வரிசைகள் மேலே ஏறி மூடிக்கொண்டன.

கட்டுரையைத் தலைப்பு மாற்றி, இருந்ததை வைத்து அனுப்பினாள். பல மாசம் கழித்துப் பதில் வந்தது. சுத்தமாகச் செய்யப்பட்ட வேலை, ஆனால் புதிதாக எதுவும் இல்லை என்று எழுதியிருந்தார்கள். அதை எனக்குப் படித்துச் சொல்லும்போது, "சுத்தமா இருக்குதாம்மா" என்றாள். இன்டர்வியூவுக்குப் போய்விட்டு வந்தாள். வேலை கிடைக்கவில்லை. பட்டம் கிடைத்தது. பேருக்கு முன்னால் டாக்டர் போட்டுக்கொள்ளலாம். காலேஜில் அடுத்த வருஷத்துக்கும் ஆர்டர் வந்தது.

என்னை ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவள் என்னிடம் முன்பு எப்படிப் பேசினாளோ அப்படித்தான் பேசுகிறாள். கேள்வித்தாளை எடுத்துக்கொண்டு ஊர்களுக்குப் போகிறபோது மட்டும் என்னைக் கூப்பிடுவதில்லை. வெயில் என்கிறாள்.

அவள் அட்டவணை சுத்தமாகப் போடுவாள் என்று தெரிந்துபோய், ஆராய்ச்சி செய்கிற பிள்ளைகள் இப்போது தங்கள் தாள்களை அவளிடம் அனுப்புகிறார்கள். மறுபடியும் ஞாயிற்றுக்கிழமைகளில் உட்காருகிறோம். போன வாரம் வந்தது ஏதோ ஜில்லாவில் குழந்தைகளின் எடையைப் பற்றியது. எட்டு வரிசை. நான் வாசித்துக்கொண்டு வந்தேன். மூன்று ஸ்டார், மூன்று ஸ்டார், இரண்டு ஸ்டார், மூன்று ஸ்டார். அதுவரை வந்த எல்லா வரிசையிலும் இருந்தது. அவள் புள்ளிகளை நேராக நிறுத்திக்கொண்டே வந்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

இந்த வீடுகளுக்குப் போய்க் கட்டத்தில் எண்ணை எழுதியது யார் என்று கேட்க எனக்கு வாய் வரை வந்தது. அடுத்த வரிசையை வாசித்தேன்.